முதற்பகுதி இலவசம்

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பழமொழி. கணினி விளையாட்டை விலை கொடுத்து வாங்குவோரும் அவ்வாறே முதலில் அதில் சிறிதளவு ஆடிப் பார்க்க விரும்புவர். அதற்காக இலவசமாக வெளியிடப்படும் பகுதி 'டெமோ' எனப்படும். ஆயினும் சோற்றுக்கும் விளையாட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பானையில் எந்தப் பருக்கையை எடுத்தாலும் பதம் ஒன்றே. விளையாட்டிலோ எந்தப் பகுதியைக் காட்டுவது என்பதை விற்பவரே முடிவு செய்கிறார். மிகச் சிறந்த பகுதியை மட்டும் அவர் காட்டிவிடவும் கூடும்.

மேடைக்கு மேடை தாவிச் செல்லும் விளையாட்டுகளைப் 'பிளாட்ஃபார்மர்' என்பர். 1985இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. அதில் மரியோ ஓட ஓட, பின்னணிக் காட்சியும் வழுக்கிக்கொண்டே நகரும். அக்காலக் கணினிகளால் திரை முழுவதையும் அவ்வளவு விரைவாகத் திரும்பத் திரும்ப வரைய இயலவில்லை.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பணியாற்றிய ஜான் கார்மாக் என்னும் இளைஞர் 1990இல் இதற்கு வழி கண்டார். திரையைச் சிறு சிறு சதுரங்களாகப் பகுத்து, மாறிய சதுரங்களை மட்டும் புதிதாக வரையச் செய்தார். உடன் பணிபுரிந்த டாம் ஹாலுடன் சேர்ந்து, 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3' விளையாட்டின் முதற்கட்டத்தை ஓர் இரவில் கணினியில் அமைத்தும் காட்டினார். பிறகு நண்பர்கள் கூடி அதனை விரிவாக்கி, ஒரு மாதிரியாக நின்டெண்டோவுக்கு அனுப்பினர். கணினிக்கென விளையாட்டு வெளியிட அந்நிறுவனம் விரும்பவில்லை. அந்த மாதிரி இன்று அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள விளையாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மரியோ கிடைக்காமற்போகவே, அவர்கள் தமக்கென ஒரு வீரனைப் படைத்தனர். அவன் பெயர் பில்லி பிளேஸ், வயது எட்டு. வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே விண்கலம் செய்து, அண்ணனின் தலைக்கவசத்தை அணிந்து, 'கமாண்டர் கீன்' என்னும் பெயரில் செவ்வாய்க் கோளுக்குப் பறக்கிறான். ஸ்காட் மில்லரின் அபோஜி நிறுவனம் 1990 டிசம்பர் 14 அன்று இவ்விளையாட்டை வெளியிட்டது. மொத்தம் மூன்று பகுதிகள். முதற்பகுதியைத் தொலைபேசி இணைப்பு வழியாக எவரும் இலவசமாகத் தம் கணினிக்கு இறக்கிக்கொள்ளலாம். நண்பருக்குப் படியெடுத்தும் கொடுக்கலாம். மற்ற இரண்டுக்கே விலை.

முதற்பகுதியில் ஆடுபவர் செவ்வாயின் வரைபடத்தில் நடந்து, நகரங்களுக்குள் நுழைகிறார். களவுபோன விண்கல உறுப்புகள் நான்கையும் தேடிச் சேர்க்க வேண்டும். வழியில் மிட்டாயும் பீட்சாவும் கரடிப் பொம்மையும் கிடைக்கின்றன; எடுத்தால் புள்ளிகள் ஏறும். இவை எல்லாவற்றையும்விட உற்று நோக்க வேண்டியது தாவலே. இவ்வகை விளையாட்டில் ஆடுபவர் நூற்றுக்கணக்கான முறை தாவுவார். தாவல் கைக்கு இசையாவிட்டால் மற்ற அழகுகளால் பயனில்லை. கீன் விசையை அழுத்தியதும் ஒரு நொடிப்பொழுது குனிந்து, பிறகே துள்ளுகிறான். புதியவர் இதனால் சில பள்ளங்களில் விழுவார். பழகியவர் சற்று முன்னதாகவே அழுத்தக் கற்றுக்கொள்வார்.

பிற்கால விளையாட்டுகள் இதில் தாராளம் காட்டின. 2018இல் வந்த 'செலஸ்டி'யில் மேடையின் விளிம்பைக் கடந்த பின்னும் பத்தில் ஒரு விநாடி வரை தாவ இயலும். ஆடுபவர் அதனை அறிவதில்லை. தம் கைத்திறன் என்றே எண்ணிக்கொள்வார். இத்தகைய நுட்பங்களை விளம்பரப் படத்தில் காண முடியாது. விசையில் விரல் வைத்து ஆடிப் பார்த்தால்தான் தெரியும்.

கீனின் முதற்பகுதி அரைகுறையாக நின்றுவிடுவதன்று. நான்கு உறுப்புகளும் கிடைத்துவிடும், விண்கலமும் புறப்படும், சிறுவன் வீடு வந்து சேர்வான். பணம் கொடாதவருக்கும் ஒரு முழுக்கதை கிட்டியது என்பதே இதன் நேர்மை. ஆனால் வீடு திரும்பியவன் வானை நோக்கும்போது, பூமிக்கு மேலே பகைவரின் பெருங்கப்பல் காத்து நிற்கிறது. அதன் பின் நடந்ததை அறிய விரும்பியவர்கள் அபோஜிக்குப் பணம் அனுப்பினர். மீதிப் பகுதிகள் நெகிழ்வட்டுகளாக அஞ்சலில் வந்து சேர்ந்தன.