காட்டாவும் கிரவுண்டும்

அளவு என்பது ஒப்பிடுதலேயன்றி வேறில்லை. ஒரு பொருளைத் தனியே வைத்து அதனைப் பெரிது என்றோ சிறிது என்றோ கூற இயலாது. மற்றொன்றின் அருகில் வைக்கும்போதே அதன் பெருமையும் சிறுமையும் புலப்படும். அந்த மற்றொன்று எது என்பதில் உடன்பாடு இல்லாவிடில், இருவர் ஒரே சொல்லைப் பேசியும் வெவ்வேறு பொருளைக் கருதுவர். பிறந்த ஊர் ஒன்றும் பிழைக்கும் ஊர் ஒன்றுமாக வாழும் நம் குடும்பங்களுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. வாங்கும் மனையையும் கலியாண நகையையும் தொடும் கணக்காகும்.

முதலில் மனையை எடுத்துக்கொள்வோம். கொல்கத்தாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மனைக்குக் காட்டாக் கணக்கில் விலை பேசுவர். இங்கு ஒரு காட்டா 720 சதுர அடி. அதனைப் பதினாறாகப் பகுத்தால் ஒரு சட்டாக், அதாவது 45 சதுர அடி. இருபது காட்டா சேர்ந்தது ஒரு பீகா. 14,400 சதுர அடி. சென்னையிலோ கிரவுண்டு என்பர். அது 2,400 சதுர அடி. நம் மாவட்டங்களில் வழங்கும் சென்ட், ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, 435.6 சதுர அடி. ஆகவே இங்கு ஐந்து காட்டா வாங்கியவர், ஊரிலுள்ள தமையனாருக்கு எழுதும்போது, “ஒன்றரைக் கிரவுண்டு” என்றோ “எட்டேகால் சென்ட்டுக்குச் சற்று மேல்” என்றோ எழுதலாம்.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அஸ்ஸாமிலும் பீகா 14,400 சதுர அடிதான். ஆயினும் அங்கு ஐந்து காட்டாவே ஒரு பீகா. ஆதலால் அங்குள்ள ஒரு காட்டா 2,880 சதுர அடி. நம் காட்டாவைப் போல் நான்கு மடங்கு. பெயர் ஒன்றாயிருப்பதாலேயே அளவும் ஒன்றென்று கொள்ளலாகாது.

அடுத்து, பொன். நாம் பவுன் கணக்கில் பேசுகிறோம். ஒரு பவுன் 8 கிராம். வங்கத்தார் ‘போரி’ என்பர். அது தோலாவே, 11.664 கிராம். 1835ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் வழங்கிய வெள்ளி ரூபாயின் எடையும் அதுவே. பத்துப் பவுன் 80 கிராம். பத்துப் போரி 116.64 கிராம். வேறுபாடு நாலரைப் பவுனுக்கும் மேற்பட்டது. இந்நகரில் பிறந்து வளர்ந்த பிள்ளை வீட்டாரும் திருச்சியிலுள்ள பெண் வீட்டாரும் “பத்து” என்று மட்டும் பேசி முடித்தால், மணமேடையில் மனக்கசப்பு விளைய அதுவே போதும். கிராமில் எழுதி வைத்தால் இரு வீட்டாருக்கும் ஐயமில்லை.

முற்காலத்தில் இக்குழப்பம் இன்னும் மிகுதி. வங்காளத்து மணங்கு நாற்பது சேர். 37 கிலோவுக்குச் சற்று மேல். சென்னை மணங்கோ எட்டு வீசை. சுமார் 25 பவுண்டு, அதாவது பதினொன்றரைக் கிலோவுக்கும் உட்பட்டது. வங்க மணங்கில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மேலும், இங்கு அரிசியை நிறுத்து விற்றனர். நம் நாட்டில் படியால் அளந்தனர். படியிலும் தலைதட்டி அளப்பது ஒன்று, கோபுரமாகக் குவித்து அளப்பது மற்றொன்று. அளப்பவர் கை எப்படியோ, வாங்குபவர் வயிறும் அப்படி.

இருப்புப்பாதைப் பணியிலுள்ள நான் இதற்கு எங்கள் துறையிலேயே ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். அகலப்பாதையின் இரு தண்டவாளங்களுக்கிடையே 1,676 மில்லிமீட்டர். மீட்டர் பாதையில் 1,000. இந்த 676 மில்லிமீட்டர் வேறுபாட்டால் நெல்லைச் சீமையிலிருந்து வந்தோர் எழும்பூரில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் சென்ட்ரலுக்குச் சென்று ஹௌரா வண்டி ஏறினர். சரக்கையும் ஒரு வண்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி ஏற்றவேண்டியிருந்தது. பாதைகள் அகலமாக்கப்பட்ட பின்னரே அத்தொல்லை நீங்கிற்று.

எடைகளுக்கும் அவ்வாறே ஒரு பொதுப்பாதை அமைத்தது 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம். 1957 ஏப்ரல் முதல் நாளன்று ரூபாய் நூறு நயா பைசாவாயிற்று; 1958 அக்டோபர் முதல் கிலோவும் கிராமும் படிப்படியாகக் கடைக்கு வந்தன. சேரும் வீசையும் மறைந்தன; காட்டாவும் பவுனும் பேச்சில் நிலைத்துவிட்டன. அவற்றைக் கைவிடுமாறு நான் கூறவில்லை. பழகிய சொல்லில் ஓர் உறவு இருக்கிறது. பேச்சில் அவை இருக்கட்டும். பத்திரத்தில் பொது அளவு இருக்கட்டும்.

அடுக்குமாடி வீடு வாங்குவோர் இன்னொன்றும் கேட்டறிதல் நன்று. ஆயிரம் சதுர அடி என்றால் எதனை அளந்த ஆயிரம்? படிக்கட்டு, மின்தூக்கி முதலிய பொது இடங்களின் பங்கையும் சேர்த்துச் சொல்வது ‘சூப்பர் பில்ட்-அப்’. வெளிச்சுவரையும் பால்கனியையும் நீக்கி, உள்ளே நாம் புழங்கும் பரப்பே ‘கார்ப்பெட்’ பரப்பு. உள்தடுப்புச் சுவர்கள் மட்டும் அதில் சேரும். 2016ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இதனைத் தெளிவாக வரையறுத்துள்ளது. கட்டில் போடுவது இப்பரப்பில்தான்; ஆதலால் விலையையும் இதனைக் கொண்டே ஒப்பிடுக.

நிலமாயினும் பொன்னாயினும் வீடாயினும், கையெழுத்திடுமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: எந்த அளவு? எவ்வூர் அளவு? எதனை அளந்தது? இம்மூன்றுக்கும் விடை எழுத்தில் கிடைத்தபின் முன்பணம் கொடுங்கள்.