அறளை பெயர்ந்தார்க்கு ஐந்து வாயில்கள்

“அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது” என்பது யாழ்ப்பாணத்தார் நாவில் எளிதாய் வரும் வழக்கு. முதுமையில் நினைவு குலைந்தவரைக் குறிக்கும் இவ்வழக்கினுள் ஒரு தீர்ப்பும் அடங்கியிருக்கிறது. இனி இவரோடு பேசிப் பயனில்லை என்பதே அது. அத்தீர்ப்புப் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

மருத்துவர் இதனை மூப்பின் இயல்பென்று கொள்ளார்; மூளையின் அணுக்கள் சிதைவதனாலும் குருதியோட்டம் தடைப்படுவதனாலும் நேரும் நோய் என்பர். ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906-இல் எடுத்துரைத்த நோயே இவ்வகையிற் பெரும்பான்மை. அதன்கண் அண்மை நிகழ்ச்சிகள் முதலில் அழியும்; இளமையிற் பதிந்தவை நெடுநாள் நிற்கும். காலையுணவை மறந்தவர் ஏழு வயதில் மனனஞ் செய்ததைத் தடையின்றிச் சொல்வது இதனாலேயாம்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை வகுக்குமிடத்து, ஊறு, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி ஆகிய ஐந்தின் பின்னரே மனத்தை ஆறாவதாக வைத்தது. ஆறாவது தளர்ந்தவர் மக்கட்டன்மையிற் குறைந்தவரல்லர். அவரிடஞ் செல்லும் வழியே வேறாகிறது. ஐந்து வாயில்களுள் ஒன்று அடைபட்டாலும் மற்றொன்று திறந்திருத்தல் கூடும்.

முதியோர் கடந்ததை எண்ணுவது நோய்க்குறியன்று, இயல்பான மனச்செயலே என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இல் எழுதினார். பின்னர், பழைய படம், பாட்டு, பொருள் இவற்றால் நினைவைத் தூண்டும் முறை மேனாட்டு முதியோர் இல்லங்களிற் பரவியது. அது நோயைத் தீர்ப்பதன்று. 2018-இல் ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கியோரும், பயன் சிறிதென்றும் இடத்துக்கிடம் வேறுபடுமென்றுமே கண்டனர். எனினும் வாடிய முகம் ஒரு நாழிகை மலர்வது வீட்டாருக்குச் சிறு பயனன்று.

பழைய படத்துக்கு நாம் எங்கே போவது? 1995 ஒக்டோபர் 30 இரவில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இலட்சக்கணக்கிற் பெயர்ந்தபோது, அல்பத்தை எடுத்துச் சென்றார் சிலரே. ஆயினும் பாட்டும் மணமும் நம்முடன் வந்தன. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடல் உண்டு. பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் கலந்து கொதிக்கும் ஆடிக்கூழின் மணம் உண்டு. கோயிலிற் கேட்ட கந்தபுராண படனத்தின் ஓசை உண்டு. எம் அயலில் ஒரு மூதாட்டி. பெற்ற மகளின் பெயர் அவர் நினைவில் இல்லை. பனையின் சார்வோலையைக் கையிற் கொடுத்தாலோ, விரல்கள் தாமே பெட்டி இழைக்கத் தொடங்கும். மகள் அருகிருந்து அப்பின்னலைக் கற்கிறார்.

இங்கே சில எச்சரிக்கைகள் வேண்டும். ஆசிரியராகிய நமக்கு வினாவுதல் பழகிய தொழில். முதியவரிடம் அதனைக் கைவிடுக. “நான் ஆர், தெரியுதோ?” என்று கேட்பது, விடை தெரியாதவரைத் தேர்வுக்கு இருத்துவதாகும். “ஆச்சி, நான் உங்கடை பேரன், கூழ் கொண்டு வந்தனான்” என்பது அன்பு. விழுங்க இடர்ப்படுவோர்க்கு மருத்துவரைக் கேட்டே ஊட்டுக. நினைவெல்லாம் இனியனவும் அல்ல. திருவிழா வெடியோசை சிலரைப் பதுங்குகுழிக் காலத்துக்குக் கொண்டுபோய்விடும். முகம் கலங்கினால் அவ்வளவில் நிறுத்திக் கையைப் பற்றிக்கொள்க.

மாணவர்க்கு ஒன்று சொல்வேன். வரும் ஆடிப்பிறப்பன்று, வகுப்பிற் கற்ற அப்பாடலை ஒரு முதியவர் அருகிலிருந்து பாடுங்கள். முதலடியைப் பாடிச் சற்றே நிறுத்துங்கள். அடுத்த அடி அவரிடமிருந்து வரக்கூடும். வாராவிடினும் பாட்டை முழுதும் பாடிவிட்டே எழுங்கள்.