மஞ்சள் கரிசலாங்கண்ணியை இனங்காண்பது எவ்வாறு?

மஞ்சள் காமாலை கண்டால் மஞ்சள் கரிசலாங்கண்ணியைத் தேடிச் செல்லும் வழக்கம் தமிழகக் கிராமங்களில் நெடுநாளாக உண்டு. பென்னாகரம் வட்டாரமும் இதற்கு விலக்கன்று. ஆனால், பறித்து வரும் செடி உண்மையில் அதுதானா என்பதை உறுதி செய்வது இன்றியமையாதது.

நம் நாட்டுச் செடி

பொற்றலைக் கையாந்தகரை என்றும் அழைக்கப்படும் இச்செடி சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்பாக்னெடிகோலா கேலெண்டுலேசியா என்பது இதன் தாவரவியல் பெயர். வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு போன்ற ஈரமான இடங்களில் தரையில் படர்ந்து வளரும். ஒரே பூவாகத் தோன்றுவது, உண்மையில் பல சிறு பூக்கள் சேர்ந்த பூக்கொத்தாகும்.

ஒத்த தோற்றமுடைய அயல்நாட்டுச் செடி

பூங்காக்களிலும் வீட்டு முகப்புகளிலும் அழகுக்காக வளர்க்கப்படும் ஸ்பாக்னெடிகோலா டிரைலோபேட்டா, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. இதனை மஞ்சள் கரிசலாங்கண்ணி எனப் பலர் தவறாகக் கருதுகின்றனர். இரண்டும் மஞ்சள் நிறத்தில் பூக்கும். இரண்டும் தரையில் படர்ந்து கணுக்களில் வேர்விடும். ஆகவே, பூவை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. இலையைக் காண்க:

• மஞ்சள் கரிசலாங்கண்ணி: இலை குறுகி நீண்டிருக்கும், அகலம் ஏறத்தாழ 1 செ.மீ. மட்டுமே. விளிம்பில் மடல்கள் இரா.
• அழகுச் செடி: இலை அகன்று, தடித்து, பளபளப்பாக இருக்கும். பெரும்பாலும் இருபுறமும் மடல் பிரிந்து மூன்று பிரிவாகத் தோன்றும். சில இலைகளில் மடல் தெளிவாகத் தெரியாது. எனவே ஒரே கொடியின் பல இலைகளையும் பார்த்தல் வேண்டும்.

வெண்ணிறப் பூவுடைய கரிசலாங்கண்ணி வேறொரு செடி. அதன் தண்டைக் கசக்கினால் சாறு கருநிறமாக மாறும். கேரட் இலைபோல் ஆழமாகப் பிளவுபட்ட இலையும் சிறு வெண்பூக்களும் உடையது பார்த்தீனியம். அதனைத் தொட்டால் தோல் ஒவ்வாமை ஏற்படலாம்.

ஐயம் இருப்பின் பூவும் இலையும் கூடிய கொடியை அரசு சித்த மருத்துவரிடம் காட்டித் தெளிவு பெறுக. கழிவுநீர் ஓரத்திலும், பூச்சிக்கொல்லி தெளித்த வயலிலும் பறித்தல் கூடாது.

செடியை அறிவது நோயை அறிவதாகாது

மஞ்சள் காமாலை ஒரு நோயன்று. அது ஓர் அறிகுறி. மாசடைந்த குடிநீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, இ கிருமிகளும், ஹெபடைடிஸ் பி, எலிக்காய்ச்சல், பித்தநாள அடைப்பு ஆகியவையும் இதற்குக் காரணமாகலாம். ஒவ்வொன்றிற்கும் சிகிச்சை வேறு. இரத்தப் பரிசோதனையின்றிக் காரணத்தை அறிய இயலாது. சரியான செடியே கிடைத்தாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடுதல் கூடாது.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர்கள்:

• காமாலை கண்ட கர்ப்பிணிகள் (ஹெபடைடிஸ் இ இவர்களுக்கு உயிராபத்தை விளைவிக்கலாம்)
• காமாலை கண்ட பச்சிளங்குழந்தைகள் (இவர்களுக்கு எந்தப் பச்சிலைச் சாறும் புகட்டலாகாது)
• மயக்கம், குழப்பம், இரத்தக்கசிவு, ஓயாத வாந்தி, கடுங்காய்ச்சல் உடையவர்கள்

பச்சிலைச் சாறு ஏதேனும் உட்கொண்டிருப்பின் அதனை மருத்துவரிடம் தயங்காமல் தெரிவிக்கவும். இயன்றால் அச்செடியையும் உடன் எடுத்து வரவும். அவசர உதவிக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம்.