தாயைப் போல சோளம்!

குழந்தை பிறந்த வீட்டில் முதல் பஞ்சாயத்து ஜாடை பற்றித்தான். ''மூக்கு அப்படியே எங்க அண்ணன்'' என்பார் அத்தை. ''கண்ணைப் பாருங்க, எங்க பக்கம்'' என்பார் சித்தி. ''சரி, ஆளுக்குப் பாதி'' என்று பைசல் பண்ணிவிட்டுப் பேப்பரில் மூழ்கிவிடுவார் தாத்தா.

தாத்தா சொன்னது ஏறக்குறைய சரி. முழுக்கச் சரியில்லை. நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டிக் குட்டி மின் நிலையங்கள் இருக்கின்றன. காலையில் தின்ற இட்லியைச் சக்தியாக மாற்றித் தருவது அவைதான். இவற்றுக்கென்று தனியாகக் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு. அது அம்மாவிடமிருந்து வருவது. அதில் அப்பாவுக்குப் பங்கே இல்லை. பெரும்பாலான செடிகொடிகளிலும் இதே கதைதான்.

''இருந்துட்டுப் போகட்டும் சார், அதனால நமக்கென்ன?'' என்கிறீர்களா? அமெரிக்காவும் அப்படித்தான் இருந்தது. 1970-ல் அதற்குக் கொடுத்த விலை, சுமார் நூறு கோடி டாலர்!

கொண்டை பறிக்கும் கோடை

மக்காச்சோளச் செடியின் உச்சியில் கொண்டை மாதிரி விரிந்து நிற்பது ஆண் பூ. இடுப்பில் பட்டு நூலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெண் கதிர். இரண்டும் ஒரே செடியில் குடித்தனம்.

ஹைப்ரிட் விதை தயாரிப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. அம்மா வரிசைச் செடி தன் மகரந்தத்தையே வாங்கிக்கொண்டால் விதை ஹைப்ரிட் ஆகாது. அடுத்த வரிசை 'அப்பா'வின் மகரந்தம்தான் விழவேண்டும். ஒரே வழி, அம்மா வரிசையில் ஒரு செடி விடாமல் கொண்டையைப் பறித்து எறிவது. அமெரிக்காவின் சோள மாநிலங்களில் கோடை லீவில் பள்ளிப் பையன்களும் பெண்களும் கூலிக்கு இந்த வேலையைச் செய்தார்கள். காலையில் பனி ஈரம், மதியம் வெயில், நாள் முழுக்க இலைக் கீறல். இலை அவர்களைக் கீறியது. கூலிக் கணக்கு விதைக் கம்பெனிகளைக் கீறியது.

இந்த நேரத்தில் டெக்ஸாஸில் ஓர் அதிசயச் சோளம் அகப்பட்டது. கொண்டை இருக்கும், உள்ளே உருப்படியான மகரந்தம் இருக்காது. காலி டப்பா! இந்தக் குணம் தாய் வழியாக மட்டும் இறங்கியது. இதை வைத்து ஹைப்ரிட் தயாரிக்கலாம் என்று 1952-ல் ஆராய்ச்சிக் கட்டுரையே வந்தது. கொண்டை பறிக்க ஆளே வேண்டாம். விவசாயியின் வயலில் மகரந்தம் வேண்டுமே என்றால், அதைத் திரும்பத் தரும் ஜீன்களை அப்பா செடி மூலம் சேர்த்துவிட்டால் போச்சு. கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம்.

1970 வாக்கில் அமெரிக்க ஹைப்ரிட் சோளத்தில் சுமார் 85 சதவிகிதம் இந்த டெக்ஸாஸ் அம்மாவின் வாரிசு. விவசாயி என்னவோ கடை கடையாக ஏறி இறங்கித்தான் விதை வாங்கினார். பை வேறு, கம்பெனி வேறு, விலை வேறு, அப்பாவும் வேறு. மைட்டோகாண்ட்ரியா மட்டும் ஒன்றே ஒன்று!

ஆபீஸில் அத்தனை பேரும் ஒரே சீட்டுக் கம்பெனியில் பணம் போட்ட மாதிரி. அப்புறம் நடந்ததைச் சொல்லவேண்டுமா?

இலைக் கருகலை உண்டாக்கும் ஒரு பூஞ்சையில் புது ரகம் கிளம்பியது. டெக்ஸாஸ் அம்மாவின் பிள்ளைகளை மட்டும் தேடிப் பிடித்து அடித்தது. 1970-ல் தெற்கு மாநிலங்களில் ஆரம்பித்து, ஈரக் காற்றில் ஏறி வடக்கே போனது. தெற்கில் சில வயல்களில் மணியே மிஞ்சவில்லை. நாடு முழுக்கக் கணக்குப் பார்த்தால் விளைச்சலில் சுமார் 15 சதவிகிதம் அவுட்.

பிலிப்பைன்ஸ் விஞ்ஞானிகள் 1961-லேயே, ''இந்தச் சோளத்துக்கு இந்த நோய் ஜாஸ்தி வருது'' என்று எழுதியிருந்தார்கள். யார் காதில் விழுந்தது? மறுபடி கொண்டை பறிக்கப் பையன்களைக் கூப்பிட்டார்கள். முக்கியப் பயிர்கள் எல்லாம் அபாயகரமாக ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன என்று 1972-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் அறிக்கை கொடுத்தது.

ஒட்டுத்துணி ஜீன்

குற்றவாளி யார் என்பது 1986-ல்தான் தெரிந்தது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டூயி, லெவிங்ஸ், டிமோதி மூவரும் டெக்ஸாஸ் சோளத்தின் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு விசித்திர ஜீனைக் கண்டார்கள். பெயர் டி-யூ.ஆர்.எஃப்.13. டெய்லர் கடையில் கீழே விழுந்த வெட்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு சட்டை தைத்தால் எப்படி இருக்கும்? அப்படி, வேறு ஜீன்களின் துண்டு துணுக்குகள் தற்செயலாக ஒட்டிக்கொண்டு உருவான ஜீன்.

அது தயாரிப்பது 115 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பொடிப் புரதம். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சுவரில் போய் உட்கார்ந்துகொள்ளும். பூஞ்சையின் விஷம் வந்து தொட்டதும் சுவரில் ஓட்டை. மின் நிலையம் ஒழுக, இலை கருகிவிடுகிறது. சந்தேகம் தீர இந்த ஜீனை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துப் பார்த்தார்கள். அந்த விஷத்தைச் சட்டையே பண்ணாத பாக்டீரியாவும் சுருண்டது.

மகரந்தத்தைக் கெடுத்ததும் இதே ஜீன்தான். கம்பெனிகள் கொண்டாடிய லாபமும் விவசாயி தலையில் விழுந்த நஷ்டமும் ஒரே துண்டு டி.என்.ஏ.!

கிழிந்த புத்தகம்

''முன்னாடியே அந்த டி.என்.ஏ.வைப் படிச்சுத் தொலைச்சிருக்கலாமே?'' நியாயமான கேள்வி. அன்றைக்கு அதற்கான கருவி இல்லை. இன்றைக்கும் அது லேசுப்பட்ட வேலை இல்லை.

மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. 16,569 எழுத்துதான். 1981-லேயே படித்துவிட்டார்கள். செடிகள் அப்படியில்லை. கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் என்ற பொடிச் செடிக்கே சுமார் 3,67,000 எழுத்து. 1997-ல் படித்தார்கள். சைலீன் கோனிகா என்ற பூச்செடிக்கு ஒரு கோடிக்கு மேல்! நியூ கலிடோனியா தீவின் ஆம்பொரெல்லா இன்னும் மோசம். பாசிகளிடமிருந்து முழு முழு மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வையே வாங்கி வைத்திருப்பது 2013-ல் தெரியவந்தது. இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராத ஆசாமி!

படிக்கும் விதம் இதுதான். இந்தப் பத்திரிகையின் ஆயிரம் பிரதிகளைச் சுண்டல்காரர் தாறுமாறாகக் கிழித்துப் பொட்டலம் கட்டிவிட்டார் என்று வையுங்கள். பீச்சில் பொறுக்கிய துண்டுகளை வைத்து முழு இதழையும் திரும்ப உண்டாக்கவேண்டும். ஒரு துண்டின் கடைசி வரியும் இன்னொன்றின் முதல் வரியும் ஒன்றாக இருந்தால் ஒட்டலாம். ஆனால் 'தொடரும்' என்று மட்டும் உள்ள துண்டை எங்கே ஒட்டுவது? அது எந்தத் தொடர்கதைக்கும் பொருந்துமே!

செடி மைட்டோகாண்ட்ரியாவில் இப்படித் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் ஏராளம். அந்த இடங்களில் டி.என்.ஏ. தானாகவே வெட்டிக்கொண்டு வேறு வரிசையில் ஒட்டிக்கொள்ளும். ஒரே செடிக்குள்ளேயே பக்க வரிசை மாறிய பல பதிப்புகள் இருக்கும். போதாததற்குப் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. துண்டுகளும் நடுவில் செருகியிருக்கும். அடுத்த பத்திரிகையின் பக்கம் நம் பைண்டிங்கில் சிக்கிய மாதிரி. முன்பெல்லாம் சில நூறு எழுத்து நீளத் துண்டுகளோடு மல்லாடினார்கள். இப்போது ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும் மெஷின்கள் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடுகிறார்கள்.

டெக்ஸாஸ் உட்பட ஐந்து வகைச் சோள அம்மாக்களின் மைட்டோகாண்ட்ரியாவை அக்கம்பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு 2007-ல் வெளியிட்டார்கள். நீளம் 5,35,825 எழுத்திலிருந்து 7,39,719 வரை. எழுத்துப் பிழை ரொம்பக் குறைவு. பத்தாயிரத்துக்கு இரண்டிலிருந்து ஏழு. ஆனால் பக்க வரிசை தலைகீழ். மகரந்தம் ஒழுங்காகத் தரும் இரண்டு 'நல்ல' அம்மாக்களுக்கு நடுவிலேயே 16 இடமாற்றம்! இந்த ஓயாத வெட்டி ஒட்டலில்தான் டி-யூ.ஆர்.எஃப்.13 மாதிரி ஒட்டுத்துணி ஜீன்கள் பிறக்கின்றன. எந்த அம்மாவின் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று விதைக்கும் முன்பே தெரிந்துகொள்ள இந்த ஒப்பீடு உதவும்.

சோளம் நம் கவலை இல்லை என்பவர்களுக்கு ஒரு சேதி. அமெரிக்கச் சோளம் கருகிய அதே 1970-ல், நவம்பரில், சீனாவின் ஹைனான் தீவில் மகரந்தம் மலடான ஒரு காட்டு நெல்லைக் கண்டுபிடித்தார்கள். சீனாவின் புகழ்பெற்ற ஹைப்ரிட் நெல் அதிலிருந்து பிறந்ததுதான். இந்தியாவின் ஹைப்ரிட் நெல் ரகங்களிலும் பெரும்பாலானவற்றின் மைட்டோகாண்ட்ரியா அந்த அம்மா கொடுத்ததே. அதன் மலட்டுத்தன்மைக்குக் காரணமான டபிள்யூ.ஏ.352 ஜீனை 2013-ல் அடையாளம் காட்டினார்கள். அதுவும் ஓர் ஒட்டுத்துணிதான்.

சோளத்துக்கு வந்த கதி நெல்லுக்கு வரவில்லை. நல்ல விஷயம். அமெரிக்காவில் 1968 வரை சோளத்துக்கும் வந்திருக்கவில்லை.

தாத்தா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்கிறார்: ''ஜாடை கிடக்கட்டும்டா, அம்மா யாருன்னு விசாரிச்சியா?''