கல்நார்த் தூசியும் தொழிலாளியின் நுரையீரலும்

கூரை வேலையில் ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) ஷீட்டைக் கட்டிங் மெஷினால் அறுக்கும்போது புகைபோல் தூசி கிளம்பும். அறுப்பவர் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொள்வார். வேலை முடிந்ததும் சட்டையை உதறிவிட்டு டீக்கடைக்குப் போவார். கண்ணில் படும் தூசியைவிட, படாமல் மிதக்கும் நுண்ணிய இழைகள்தான் ஆபத்து. துண்டு அவற்றைத் தடுக்காது.

உள்ளே போனால்

இந்த இழைகள் நுரையீரலின் அடியாழம்வரை போய்த் தங்கிவிடும். உடலால் இவற்றைக் கரைக்க முடியாது. சுற்றிலும் தழும்பு படர்ந்து நுரையீரல் விறைக்கும், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். இதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் உண்டு. பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பன்மடங்காகிறது.

இங்கிலாந்தின் ராச்டேலில் கல்நார் ஆலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா 1924-இல் 33 வயதில் இறந்தார். அவர் நுரையீரலில் இருந்த இழைகளைப் பற்றி அப்போதே மருத்துவ இதழில் எழுதினார்கள். நூறாண்டு கழித்தும் நம் நாட்டில் கல்நார் இறக்குமதியாகிறது. 'வெள்ளைக் கல்நார் தீங்கில்லாதது' என்ற பேச்சை நம்பவே கூடாது. எல்லா வகையும் புற்றுநோய் தருபவை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

யாருக்கெல்லாம்?

ஷீட் ஆலைத் தொழிலாளிக்கு மட்டுமல்ல. பழைய பிரேக் லைனிங்கைக் கம்ப்ரசர் காற்றடித்துச் சுத்தம் செய்யும் மெக்கானிக், கப்பல் உடைப்பவர், பழைய பாய்லர் குழாய் உறையைப் பிரிப்பவர், அந்த வேலைத்துணியை வீட்டில் துவைக்கும் மனைவி என எல்லோருக்கும்தான். தூசியை ஈரமாக்கி அடக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கவோ காற்றடிக்கவோ கூடாது. நுண்துகளைத் தடுக்கும், முகத்தோடு இறுகப் பொருந்தும் முகக்கவசம் தேவை. வேலைத்துணியை அங்கேயே கழற்றி, நிர்வாகமே துவைத்துத் தர வேண்டும்.

மருத்துவரிடம் சொல்லுங்கள்

நோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகும். அதற்குள் வேலை மாறியிருக்கும். விடாத இருமலோடு போகிறவர் பழைய வேலையைச் சொல்லாவிட்டால் காசநோய், ஆஸ்துமா என்றே சிகிச்சை நடக்கலாம்.

1995-இல் உச்ச நீதிமன்றம் இதற்காகவே ஓர் உத்தரவிட்டது: கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை நிர்வாகம் வைத்திருக்க வேண்டும். கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒப்பந்தக் கூலிகளுக்கும் பட்டறைப் பையன்களுக்கும் அப்படிப் பதிவு இருப்பது அரிது. எந்த ஊர், எந்தப் பட்டறை, எந்த வருடம் முதல் எதுவரை என்று ஒரு நோட்டில் எழுதி, எக்ஸ்ரேக்களோடு சேர்த்து வையுங்கள். இழப்பீடு கேட்கும்போதும் அது உதவும்.