மினுமினுக்கும் ஸ்டிக்கரும் ஒளி எழுதும் படிகமும்

நம் கடைகளுக்கு வரும் சில சரக்குகளின் பெட்டியில் வெள்ளி நிறத்தில் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சாய்த்தால் வானவில் ஓடும். "ஹோலோகிராம் இருக்கிறது, அசல் சரக்குதான்" என்று சரக்குப் போடுகிறவர் சொன்னால் நாமும் தலையாட்டி விடுகிறோம். அவ்வளவு நம்பலாமா என்பதற்கு, அது உண்டாகும் விதம் தெரிய வேண்டும்.

சாதாரணப் புகைப்படம் வெளிச்சத்தின் அளவை மட்டுமே பதிக்கிறது. ஹோலோகிராம் பொருளின் ஆழத்தையும் பதிக்கிறது. 1947-இல் டென்னிஸ் காபர் கண்ட இந்த முறைக்கு 1971-இல் நோபல் பரிசு கிடைத்தது. லேசர் ஒளியை இரண்டு கற்றைகளாகப் பிரிக்கிறார்கள். ஒன்று பொருளில் பட்டு வரும், மற்றது நேரே வரும். குளத்தில் இரண்டு கல் போட்டால் அலைகள் கலக்குமல்லவா, அப்படி இரண்டும் கலக்குமிடத்தில் வெளிச்சமும் இருட்டுமாக மெல்லிய கோடுகள் விழும். அந்தக் கோடுகளே ஹோலோகிராம். பின்பு ஒளி பட்டால் பொருளே எதிரில் நிற்பது போல் தோன்றும்.

1962-இல் சோவியத் ரஷ்யாவில் யூரி டெனிசியூக் இரு கற்றைகளையும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து செலுத்தினார். கோடுகள் மேற்பரப்பில் விழாமல், வெங்காயத் தோல் போல உள்ளே அடுக்கடுக்காக அமைந்தன. இதுவே பிரதிபலிப்பு ஹோலோகிராம். பல நிறம் கலந்த விளக்கொளியிலிருந்து தனக்குரிய நிறத்தை மட்டும் பொறுக்கித் திருப்பி அனுப்பும்.

இதை ஃபிலிமில்தான் பதிக்க வேண்டும் என்பதில்லை. 1966-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் லித்தியம் நயோபேட் என்ற படிகத்தில் லேசரைச் செலுத்தியபோது, ஒளி பட்ட இடம் கெட்டுப்போய்க் கற்றை சிதறியது. 'ஒளிச் சேதம்' என்று குறை சொன்னார்கள். இரண்டே ஆண்டில் அந்தச் சேதத்தையே ஹோலோகிராம் பதிக்கப் பயன்படுத்தினார்கள்!

நடப்பது இதுதான். வெளிச்சக் கோட்டில் உள்ள எலெக்ட்ரான்கள் கிளம்பி இருட்டுப் பக்கம் போய்த் தங்குகின்றன. அதனால் உள்ளே மின்புலம் உண்டாகி, படிகம் ஒளியை வளைக்கும் தன்மை இடத்துக்கு இடம் மாறுகிறது. கழுவ வேண்டாம், ரசாயனம் வேண்டாம். பச்சை லேசரை எதிரெதிரே செலுத்தினால் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் எட்டாயிரத்துக்கு மேல் அடுக்குகள் அமையும். ஒரே சீரான ஒளியைக் காட்டினால் பதிவு மெல்ல அழியும், மறுபடி எழுதலாம். அழியாமல் வைக்க, படிகத்தை நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கும் முறையும் உண்டு.

இன்னொரு வேடிக்கை. உள்ளே சந்திக்கும் இரு கற்றைகளில் ஒன்றின் வலு மற்றொன்றுக்கு மாறும். ஒரு கணக்கில் பற்று, இன்னொன்றில் வரவு. மொத்தம் கூடாது. படிகமும் தரகு போலக் கொஞ்சம் விழுங்கும்.

நம் பெட்டியில் பெரும்பாலும் வரும் ஸ்டிக்கர் இந்த இனமல்ல. அதன் கோடுகள் பிளாஸ்டிக் தாளின் மேற்பரப்பில், உலோக அச்சால் அழுத்தி எடுத்தவை. ஒரு அச்சு இருந்தால் லட்சக்கணக்கில் அடிக்கலாம், அதனால்தான் மலிவு. போலிக்காரனும் அச்சு செய்ய முயல்வான். வெறும் வானவில் மினுமினுப்பை அவன் எளிதில் கொண்டுவருவான். ஆழத்தோடு தெரியும் படத்தையும் சாய்த்தால் மாறும் எழுத்தையும் கொண்டுவருவதுதான் கடினம். ஆகவே கம்பெனியின் விநியோகஸ்தரிடம் மாதிரி ஸ்டிக்கர் ஒன்று கேட்டு வாங்கிக் கல்லாவில் வையுங்கள். புதிதாக ஒருவர் சரக்குக் கொண்டுவந்தால் விளக்கடியில் இரண்டையும் சாய்த்து ஒப்பிடுங்கள். ஸ்டிக்கர் ஒத்திருந்தாலும் பில் இல்லாத சரக்கை இறக்காதீர்கள். போலி பிடிபட்டால் முதலில் கேள்வி வருவது நம் கடைக்குத்தான்.