புயலுக்குப் பின் அளிக்கும் சகாயம்

பெரும்புயலால் வீடிழந்தார்க்கு அரசாங்கத்தார் புரியும் சகாயம் எவ்வளவு என்பதைப் போலவே, அஃது எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதும் ஆராயத்தக்கதாம்.

2005-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 29-ஆம் தேதி கத்ரீனா என்னும் புயல் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கரையைத் தாக்கிற்று. வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரில் நூற்றுக்குச் சுமார் 80 பங்கு நீரில் ஆழ்ந்தது. வீடுகளைத் திரும்பக் கட்டும்பொருட்டு, மத்திய அரசாங்கத்தின் பொருளைக்கொண்டு லூயிசியானா மாகாணத்தார் 'ரோடு ஹோம்' என்னும் திட்டத்தை ஏற்படுத்தினர். வீடொன்றுக்கு உச்ச அளவு 1,50,000 டாலர்.

புயலுக்கு முன் வீட்டிற்கிருந்த விலை, அதைச் செப்பனிட ஆகும் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதையே அடிப்படையாகக் கொண்டு, இன்ஷியூரன்ஸ் முதலியவற்றால் கிடைத்ததைக் கழித்து, எஞ்சியதை வழங்கினர். மரத்தின் விலையும் தச்சர் கூலியும் நகரெங்கும் ஏறக்குறைய ஒன்றே. வீட்டின் விலையோ பேட்டைக்குப் பேட்டை வேறு. ஆதலின் ஒரே அளவான இரு வீடுகள் ஒரே விதமாய்ச் சிதைந்தும், விலைகுறைந்த பேட்டையிலிருந்தார் குறைவாகவே பெற்றனர். கறுப்பு இனத்தார் பலர் அத்தகைய பேட்டைகளில் வசித்தமையால், 2008-இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2011-இல் சமாதானம் ஏற்பட்டு, சுமார் 6 கோடியே 20 லட்சம் டாலர் மேலும் அளிக்க அரசாங்கத்தார் இசைந்தனர்.

விதி யாவர்க்கும் ஒன்றாயிருத்தல் மாத்திரம் நீதியாகாது. இழந்த வீடு சந்தையில் என்ன விலை பெறும் என்பதன்று, அதில் மீண்டும் குடியேற என்ன வேண்டும் என்பதே சகாயத்தின் அளவுகோலாதல் வேண்டும் என்பது நம் துணிபு.